வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்

காதுகுத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் பேருந்து நிறுத்தத்தையே மறைத்து ஃபிளெக்ஸ் வைக்கிற ஊர் இது. வட்டச் செயலாளர் பேரனுக்கு முதல் பிறந்தநாள் என்றால் மூன்று தெருவுக்கு சீரியல் லைட் எரியும், அதுவும் பெரும்பாலும் கம்பத்தில் கொக்கி போட்டு. அப்படிப்பட்ட தமிழ்நாட்டில், 1999 மார்ச்சில் பிறந்த ஒரு பெரியவருக்கு 2024 மார்ச்சில் வெள்ளிவிழா வந்து போனது. எங்கள் தெருவில் ஒரு போஸ்டர் இல்லை, ஒரு மாலை இல்லை, 'எங்கள் குலவிளக்கே' என்று ஒரு வரி இல்லை. விளக்கோடு இத்தனை சம்பந்தம் உள்ள ஒருவருக்கே இந்தக் கதி. நன்றி கெட்ட ஜனங்கள்.

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அவர்களே, மன்னிக்கவும். தாமதமாகத்தான் வாழ்த்துகிறோம். தாமதம் உங்களுக்குப் புதிதல்ல என்பதால் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற தைரியம்தான்.

உங்கள் அவதாரக் கதையை முதலில் சொல்ல வேண்டும், பில் கட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு நீங்கள் இருப்பதே தெரியாது. கட்டணத்தை அமைச்சர்கள் நிர்ணயித்தால் ஓட்டுக்காகக் குறைப்பார்கள், மின்வாரியம் திவாலாகும். வாரியமே நிர்ணயித்தால் தன் ஊதாரித்தனத்தையெல்லாம் நம் தலையில் கட்டும். ஆகவே இரண்டு பேருக்கும் நடுவில், இரண்டு பேருக்கும் வேண்டாதவராக ஒரு நீதிமான் வேண்டும் என்று 1998இல் மத்திய சட்டம் வந்தது. அடுத்த வருஷம் நீங்கள் வந்தீர்கள். 2003 மின்சாரச் சட்டம் உங்களைச் சுற்றி வேலி மேல் வேலி கட்டியது. ஐந்து வருஷப் பதவிக்காலம், 65 வயது வரம்பு, அதே நாற்காலியில் இரண்டாவது முறை உட்கார முடியாது. யாருக்கும் பயப்படாதே, யாரிடமும் எதுவும் எதிர்பார்க்காதே, வாரியத்தின் கணக்கைக் கிள்ளிப் பார், நியாயமான செலவை மட்டும் அனுமதி, சேவைக்குத் தரம் வகு, தவறினால் தண்டி. இவ்வளவும் எழுதி முடித்துவிட்டு ஓரமாக ஒரு வாசலும் வைத்தார்கள்: பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் மாநில அரசு சொல்லும் வழியில் ஆணையம் நடக்க வேண்டும். அது 108ஆம் பிரிவு. ஆம்புலன்ஸ் நம்பரும் அதுவேதான்.

வேலிக்குள் உட்காருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரிகள், அல்லது மின்வாரியத்திலேயே பெரிய பதவி வகித்து ஓய்வுபெற்றவர்கள். நேற்றுவரை வாரியத்தின் கோப்பில் கையெழுத்துப் போட்டவர் இன்று அதே கோப்பைத் தணிக்கை செய்ய வருகிறார். சொந்தக் கையெழுத்தை அடையாளம் காண்பதில் சிரமம் இருக்காது அல்லவா, அந்த வசதிக்காக இருக்கும். ஆணையத்தில் சட்டம் தெரிந்த உறுப்பினர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022இல் கட்டண உயர்வுக்குக் கோப்பு தயாரானபோது அந்த நாற்காலி காலி. சட்ட உறுப்பினரை நியமிக்காமல் ஆணை பிறப்பிக்கக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தனி நீதிபதி தடுத்தார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கியது. செப்டம்பர் 9ஆம் தேதி ஆணை வந்தது, 10ஆம் தேதி கட்டணம் ஏறியது. சட்டம் தெரிந்தவரை உட்காரவைக்க முடியாத ஒரு அரசாங்கம், விலையேற்ற ஆணையை அமல்படுத்த எடுத்துக்கொண்டது ஒரு ராத்திரி.

சரி, உங்கள் சாதனைகளுக்கு வருவோம். அதில் முதல் இடம், உங்களுக்கும் ஆட்சியில் இருப்பவர்களுக்கும் இடையே உள்ள வேலைப் பிரிவினைக்கு. கட்டணம் ஏறினால் அது 'சுதந்திரமான அமைப்பான ஒழுங்குமுறை ஆணையத்தின் முடிவு, அரசு தலையிட முடியாது'. கட்டணம் இறங்கினால் அது 'மாண்புமிகு முதலமைச்சர் அவர்களின் கனிவான உத்தரவு'. கால் நூற்றாண்டில் ஒருமுறைகூட இது மாறி நடக்கவில்லை.

2012 மார்ச் 30ஆம் தேதி சராசரியாக 37 சதவீதம் ஏற்றினீர்கள். ஊரே கொதித்தது. சில நாளில் சட்டமன்றத்தில் எழுந்த முதல்வர் ஜெயலலிதா வீட்டு இணைப்புகளுக்குக் கொஞ்சம் குறைத்து அறிவித்தார். மேஜை தட்டல் அவருக்கு, வசவு உங்களுக்கு. 2014 டிசம்பரில் 15 சதவீதம். வாரியம் கேட்கக்கூட இல்லை, நீங்களே தாமாக முன்வந்து ஏற்றினீர்கள். வீட்டு இணைப்புகளில் பெரும்பாலோருக்கு உயர்வை அரசே ஏற்கும் என்று அன்றைய முதல்வர் பன்னீர்செல்வம் அறிவித்தார். ஆட்சி மாறியது, காட்சி மாறவில்லை. 2023 ஜூலையில் 2.18 சதவீதம், 2025 ஜூலையில் 3.16 சதவீதம், இரண்டு முறையும் வீடுகளுக்கு உயர்வு கிடையாது, அரசு ஏற்கும் என்று முதல்வர் ஸ்டாலின் பெயரில் செய்தி. 2022 ஆணையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொது மோட்டாருக்கும் மாடிப்படி பல்புக்கும் தனியாக ஒரு கட்டணப் பிரிவு கண்டுபிடித்து யூனிட்டுக்கு 8 ரூபாய் போட்டீர்கள். ஒரு வருஷம் மக்கள் கத்தினார்கள். 2023 அக்டோபரில், லிஃப்ட் இல்லாத, மூன்று மாடிக்கு மேற்படாத, பத்து வீட்டுக்கு மேற்படாத கட்டடங்களுக்கு 5.50 ரூபாய் என்று முதலமைச்சர் அறிவித்தார்.

கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரம் சட்டப்படி உங்களுடையது. குறைக்கலாம் என்பதை நாங்கள் பேப்பரில் முதலமைச்சர் படத்துக்குக் கீழே படித்துத் தெரிந்துகொள்கிறோம். நீங்களும் அப்படித்தான் தெரிந்துகொள்கிறீர்களா என்று ஒருநாள் கேட்க வேண்டும்.

'அரசே ஏற்கும்' என்ற அந்தச் சொற்றொடருக்கும் ஒரு கும்பிடு. அரசு என்ன ஊர்ப் பண்ணையாரா, சொந்தக் களஞ்சியத்திலிருந்து அள்ளிக் கொடுக்க? இடது பையில் பில்லாக எடுக்காததை வலது பையில் வரியாக எடுக்கிறார்கள். இரண்டு பையும் என் சட்டையில்தான் இருக்கின்றன.

அடுத்த சாதனை காலண்டர். உங்கள் முதல் கட்டண ஆணை 2003 மார்ச்சில் வந்தது. அடுத்தது 2010இல். இடையில் ஏழு வருஷம் நிலக்கரி விலை ஏறவில்லையா, சம்பளம் ஏறவில்லையா? எல்லாம் ஏறியது, கூடவே 2004, 2006, 2009 என்று மூன்று தேர்தலும் வந்தன. கட்டண மனுவை வாரியம் தாக்கல் செய்யவில்லை என்றால் ஆணையம் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது, தானே கையில் எடுக்க வேண்டும் என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011 நவம்பரில் நாடு முழுக்க உள்ள ஆணையங்களுக்குப் பாடம் நடத்த வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும், 2017இல் வந்த ஆணைக்கு அடுத்தது 2022இல்தான். 2019 நாடாளுமன்றத் தேர்தலும் 2021 சட்டமன்றத் தேர்தலும் இடைவெளியில் சௌகரியமாக நடந்து முடிந்தன.

சிகரம் 2024. ஜூலை 1ஆம் தேதியே உயர்ந்திருக்க வேண்டிய கட்டணம் உயரவில்லை. ஜூலை 10ஆம் தேதி விக்கிரவாண்டி இடைத்தேர்தல். 13ஆம் தேதி வாக்கு எண்ணிக்கை. 15ஆம் தேதி உங்கள் ஆணை: 4.83 சதவீதம் உயர்வு, ஜூலை 1ஆம் தேதியிலிருந்தே அமல். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்துக்கொண்டீர்கள். ஒரு தொகுதி. ஒரே ஒரு தொகுதியின் வாக்குப்பெட்டி மூடும்வரை ஏழரைக் கோடிப் பேரின் கரண்ட் பில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. இதைத் தற்செயல் என்று நம்புகிறவர்கள் தங்கள் வீட்டு மீட்டரையும் நம்பலாம்.

2012ஐ இன்னொரு தடவை தொட்டுவிட்டுப் போகிறேன், அந்த வருஷம் அவ்வளவு சீக்கிரம் மறக்காது. சென்னைக்கு அதிகாரபூர்வமாக இரண்டு மணி நேர மின்வெட்டு, மற்ற மாவட்டங்களுக்கு நான்கு மணி நேரம் என்றார்கள். கோவையிலும் மதுரையிலும் திருநெல்வேலியிலும் நடந்தது பத்து, பன்னிரண்டு, சில நாள் அதற்கும் மேல். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தார்கள். சிவகாசியிலும் திருப்பூரிலும் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியே முதலாளிகள் கடனாளிகளானார்கள். இன்வெர்ட்டர் கடைக்காரர்கள் மாடி கட்டினார்கள். அந்த இருட்டில் உட்கார்ந்துதான் 37 சதவீத உயர்வு ஆணை எழுதப்பட்டது. வராத கரண்டுக்கு விலையை ஏற்றிய ஆணையம் உலகத்தில் வேறெங்காவது உண்டா என்று தேடிப் பார்த்து, அதற்கொரு கேடயம் கொடுக்க வேண்டும்.

இனி வீட்டுக்குள் வருவோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், படுக்கையறையில் ஒரு ஏசி, மாதம் மே. 2022 ஆணையின் விலையில் கணக்குப் போடுகிறேன், பிறகு ஏறிய விலையிலும் ஆட்டம் இதேதான். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் பில் 1,725 ரூபாய். 501 ஓடினால் 1,958. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய். எப்படி? 500ஐத் தாண்டியதும் நீங்கள் வேறு சாதி. 101ஆம் யூனிட்டிலிருந்து 200ஆம் யூனிட்வரை 2.25 ரூபாய்க்குக் கிடைத்தது, முன்தேதியிட்டு 4.50 ஆகிவிடும். தாண்டியதற்குத்தானே அபராதம்? இல்லை, தாண்டுவதற்கு முன்னால் எரித்ததற்கும்.

சரி, சிக்கனமாக எரிக்க வேண்டியதுதானே என்பார்கள். அந்த வீடு ஒரு நாளைக்கு 8.2 யூனிட் எரிக்கிறது என்று வையுங்கள். அறுபதாவது நாள் ரீடிங் எடுக்க வந்தால் 492 யூனிட், 1,677 ரூபாய். ரீடிங் எடுப்பவர் இரண்டு நாள் தள்ளி வருகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, களப்பணியிடங்கள் ஆயிரக்கணக்கில் காலி, இருப்பவர் இரண்டு பேர் வேலையைப் பார்க்கிறார். இப்போது 508 யூனிட், 2,014 ரூபாய். இரண்டு நாளில் எரிந்த 16 யூனிட்டுக்கு 337 ரூபாய், அதாவது யூனிட் 21 ரூபாய் சொச்சம். ரீடிங் எடுப்பவரின் லீவுக்கு இந்தக் குடும்பம்தான் சம்பளம் கொடுக்கும்.

2020 ஊரடங்கில் இந்த வித்தை மாநிலம் முழுக்க அரங்கேறியது. ரீடிங் எடுக்கவில்லை, பிறகு மொத்தமாக எடுத்துப் பிரித்துக் கணக்குப் போட்டார்கள், வேலையிழந்து வீட்டில் கிடந்தவன் கைக்கு ஆயிரக்கணக்கில் பில் வந்தது. எதிர்க்கட்சியாக இருந்த திமுக வீடுகளில் கறுப்புக்கொடி ஏற்றியது. 2021 தேர்தல் அறிக்கையில் மாதாமாதம் ரீடிங் என்று வாக்குறுதி கொடுத்தது. ஜெயித்தது. பிறகு ஸ்மார்ட் மீட்டர் வரட்டும் என்றது. 2024 டிசம்பரில் ஸ்மார்ட் மீட்டர் டெண்டர் ரத்தானது. அதிமுக அப்போது 'விடியா அரசு' என்று ஆர்ப்பாட்டம் செய்துகொண்டிருந்தது, 2012இல் யார் ஆட்சி என்பது அவர்களுக்கும் மறந்துவிட்டது, பாவம். சரி, அவர்கள் அரசியல்வாதிகள், அவர்கள் பிழைப்பு அது. நீதிமானே, நீங்கள் என்ன செய்தீர்கள்? ரீடிங் தள்ளிப்போனால் எத்தனை நாளோ அத்தனை நாளுக்கு விகிதப்படி ஸ்லாபை நீட்டிக் கணக்கிடு என்று ஒரு வரி எழுதி அதை நடத்திக் காட்ட எந்தத் தேர்தல் அறிக்கை தேவை? ஐந்தாம் வகுப்புக் கணக்கு அது.

சொல்லியிருக்க வேண்டியதுதானே, கருத்துக் கேட்டோமே என்பீர்கள். கேட்டீர்கள். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை என்று மூன்று ஊரில் கேட்டீர்கள். மூன்று ஊருக்கும் வந்து சேர முடியாதவர்கள் கருத்தில்லாதவர்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும், நம் ஊரில் அவ்வளவு பொறுமையான மேடை வேறு கிடையாது. விசைத்தறிக்காரர் கூலிச் சீட்டைக் காட்டுகிறார். மாவு மில் வைத்திருக்கும் அம்மா ஆறு மாசத்துப் பில்லைத் தாலிக்கயிறு மாதிரி கையில் பிடித்துக்கொண்டு அழுகிறார். தொழிற்சங்கத்துத் தோழர் பிரிவு எண் சொல்லிப் பேசுகிறார். எந்தக் கூட்டத்தையும் விடாத ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் வாரியத்தின் இருநூறு பக்க மனுவில் மூன்றாவது அட்டவணையில் கூட்டல் தப்பு என்று நிரூபிக்கிறார், கைத்தட்டல் வாங்குகிறார். மேடையில் தலையாட்டுகிறீர்கள். யாரையும் அதட்டுவதில்லை, யாரிடமும் ஒரு கேள்வி திருப்பிக் கேட்பதில்லை. தமிழில் கேட்டதெல்லாம் பிறகு ஆங்கிலத்தில் பல நூறு பக்க ஆணையாக வரும். அதில் மக்கள் சொன்னது ஒரு பத்தி, வாரியத்தின் பதில் ஒரு பத்தி, அதற்குக் கீழே உங்கள் தீர்ப்பு: ஆணையம் குறித்துக்கொண்டது.

குறித்துக்கொண்டது! அழுகையையும் கூட்டல் தப்பையும் ஒரே வரியில் குறித்துக்கொண்டது.

அந்த 2022 ஆணையிலேயே இன்னொரு நயமும் உண்டு. 2026-27 வரை ஒவ்வொரு ஜூலையும் விலைவாசிக் குறியீடு எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு, அல்லது 6 சதவீதம், எது குறைவோ அது தானாக ஏறும். அதாவது வருஷா வருஷம் ஊர் ஊராகப் போய் அழுகையைக் கேட்கும் தொல்லையும் விட்டது. விலைவாசி ஏறியதால் ஏற்கெனவே அடிபட்டவனுக்கு, விலைவாசி ஏறியது என்பதையே காரணம் காட்டி இன்னொரு அடி. மின்வாரியத்தின் செயல்திறன் எந்தக் குறியீட்டோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டால் அதையும் குறித்துக்கொள்வீர்கள்.

சிறுதொழில்காரர்களை எப்படிக் காப்பாற்றினீர்கள் என்பதையும் விழா மலரில் போட வேண்டும். 112 கிலோவாட் இணைப்பு வைத்திருக்கும் ஒரு பட்டறைக்கு நிலைக்கட்டணம் மாதம் 3,920 ரூபாயாக இருந்தது. கிலோவாட்டுக்கு 35 ரூபாய் வீதம். அதை 150 ஆக்கினீர்கள், மறுவருஷம் 154 ஆனது, மாதம் 17,248 ரூபாய். மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கதவைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டாலும் கட்ட வேண்டும். 2023 செப்டம்பர் 25ஆம் தேதி மாநிலம் முழுக்கச் சிறுதொழில்கள் ஒருநாள் கதவடைத்தன. அன்றைய தினத்துக்கும் நிலைக்கட்டணம் உண்டு. மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை. சலுகைகளை அறிவித்தவர் முதலமைச்சர்.

வாங்குகிற பக்கம் உங்கள் சாமர்த்தியம் எப்படி? 2014 செப்டம்பரில் சூரிய மின்சாரத்துக்கு யூனிட் 7.01 ரூபாய் என்று விலை வைத்தீர்கள். 2015 ஜூலையில் அந்த விலைக்கு ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட்டுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது, 25 வருஷத்துக்கு. அதே மாத வாக்கில் மத்தியப் பிரதேசத்தில் ஏலம் விட்டார்கள், 5.05 ரூபாய்க்கு விழுந்தது. ராமநாதபுரத்துச் சூரியன் மத்தியப் பிரதேசத்துச் சூரியனைவிட மங்கல் என்று ராமநாதபுரத்துக்காரர்கள் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நமக்கு ஒரு யூனிட்டில் கால் காசு சலுகை கொடுக்க ஐந்நூறு பக்கம் யோசிக்கிறவர்கள், விற்கிறவருக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கும்போது அவ்வளவு யோசித்ததாகத் தெரியவில்லை.

கணக்குக்கு வந்தால் இன்னும் சுவாரஸ்யம். மீட்டர் இல்லாமல் யாருக்கும் மின்சாரம் கொடுக்கக் கூடாது என்று 2003 சட்டம் இரண்டு வருஷக் கெடு வைத்தது. 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பம்ப்செட்கள். அந்த இலவசம் வேண்டும், அதில் கை வைக்கிறவன் கை விளங்காது. என் கேள்வி அதுவல்ல. அந்தப் பம்ப்செட்களில் ஓடும் மின்சாரம் எவ்வளவு என்று அளக்காததால், கம்பியில் கசிந்ததும், கொக்கியில் போனதும், கணக்கில் காணாமல் போனதும் எங்கே எழுதப்படுகின்றன? விவசாயி பெயரில். ஆணைக்கு ஆணை 'மீட்டர் பொருத்துக' என்று வாரியத்துக்கு உத்தரவு போடுகிறீர்கள். ஆணைக்கு ஆணை வாரியம் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. நான் ஒரு மாதம் பில் கட்டாவிட்டால் ஃப்யூஸைப் பிடுங்குகிற வாரியத்துக்கு, உங்கள் உத்தரவை இருபது வருஷத்துக்கு மேல் மதிக்காததற்கு நீங்கள் எதைப் பிடுங்கினீர்கள்?

இந்தக் கூத்தின் மிச்சம் ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல் கடன். வாரியத்தை 2010இல் உடைத்தார்கள், 2024இல் மறுபடி உடைத்தார்கள். ஒவ்வொரு முறையும் புதுப் பெயர்ப்பலகை, புது லோகோ, பழைய கடன். தேர்தல் பயத்தில் ஏற்றாமல் விட்டதையெல்லாம் 'பிறகு வசூலிக்க வேண்டிய பாக்கி' என்று எழுதி வைத்துக்கொண்டே போனால் அது வட்டியோடு குட்டி போடும். இப்படிப் பல மாநிலத்து ஆணையங்களும் குவித்து வைத்ததைப் பார்த்து 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இது ஒழுங்குமுறையின் தோல்வி என்றே சொல்லிவிட்டது. பழைய பாக்கியை 2024 ஏப்ரலிலிருந்து ஏழு வருஷத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் கெடு வைத்தது. யார் தீர்ப்பது? அப்போது தைரியமாக ஏற்றாத ஆணையர்களா, ஏற்றவிடாத அமைச்சர்களா? 2009இல் எரிந்த பல்புக்கு 2031 வரை பில் கட்டப் போவது அன்றைக்குப் பிறந்திருக்காத பிள்ளை.

கடைசியாக, எங்களைக் காக்க நீங்கள் வைத்திருக்கும் ஆயுதங்கள். புகார் என்றால் மின்பகிர்மான வட்டத்துக்கு ஒரு நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் உண்டு. அதன் தலைவர் யார் தெரியுமா? அந்த வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளர். உதவிப் பொறியாளர் மேல் புகாரை அவருடைய மேற்பார்வைப் பொறியாளரிடமே கொடுக்க வேண்டும். அவர் தன் கீழ் வேலை செய்பவரையும் தன்னையும் விசாரித்து, இரண்டு பேர் மீதும் தப்பில்லை என்று தீர்ப்புச் சொல்வார். அதிலும் திருப்தி இல்லையென்றால் சென்னையில் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், வரலாம். கூடலூரிலிருந்தும் வரலாம், குளச்சலிலிருந்தும் வரலாம்.

இதையும் தாண்டி நஷ்டஈடு வைத்திருக்கிறீர்கள். 2004ஆம் ஆண்டின் சேவைத்தர விதிமுறைகள், எடுத்துப் படிக்கப் படிக்கக் கண்ணில் நீர் வரும். புது இணைப்பு தர வாரியம் தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு 1,000. போன கரண்ட் குறித்த நேரத்தில் வராவிட்டால் ஆறு மணி நேரத்துக்கு 50 ரூபாய், உச்சவரம்பு 2,000. புகாருக்குப் பதில் சொல்லாவிட்டால் நாளுக்கு 25 ரூபாய், உச்சவரம்பு 250. தன் பில்லில் 'நஷ்டஈடு' என்று ஒரு வரி கழிந்து வந்ததை வாழ்நாளில் ஒருமுறையாவது பார்த்தவர்கள் கை தூக்குங்கள். நுகர்வோர் கேட்காமலே நஷ்டஈடு தானாகப் போய்ச் சேர வேண்டும் என்று மத்திய அரசு 2020 டிசம்பர் 31ஆம் தேதி விதி போட்டதே, அது? தானாக ஏறுவது கட்டணம் மட்டும்தான். தானாக இறங்குவது எதுவும் இந்த இலாகாவில் கிடையாது, உயர் அழுத்தக் கம்பியைத் தவிர. புயல் மாதிரி இயற்கைச் சீற்றத்துக்கு இந்த நஷ்டஈடு கிடையாது என்பதும் உங்கள் விதிமுறைகளிலேயே எழுதியிருக்கிறது. 2018 கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் சாய்ந்து டெல்டாவில் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தவர்களுக்கு அந்த 2,000கூடக் கிடையாது. சேற்றில் இடுப்பளவு இறங்கிக் கம்பம் தூக்கிய லைன்மேன்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும்தான் அன்றைக்குக் கிடைத்த ஒரே நிவாரணம். அவர்களைப் பற்றி உங்கள் ஆணைகளில் வருவது 'ஊழியர் செலவு' என்ற ஒரு வரிசை.

அந்த உச்சவரம்புகளை மறுபடி ஒருமுறை பார்த்தேன். 100 வீதம் 1,000, பத்து நாள். ஆறு மணி நேரத்துக்கு 50 வீதம் 2,000, அதுவும் பத்து நாள். 25 வீதம் 250, பத்தே நாள். எப்படிப் போட்டாலும் பத்து நாளில் தண்டனை முடிகிறது. வாரியம் பத்து நாள் பொறுத்துக்கொண்டால் போதும். பதினோராம் நாளிலிருந்து இணைப்புத் தராமல் இருப்பது இலவசம், இருட்டில் வைத்திருப்பது இலவசம், பதில் சொல்லாமல் இருப்பது இலவசம். இந்த ஒரு சலுகையைத்தான் எந்த முதலமைச்சரும் அறிவிக்கவில்லை, ஆணையமே சொந்தக் கையால் எழுதிக் கொடுத்தது.